விலாசம் இல்லாதவர்களும் விதி எழுதுகிறவர்களும்

1

சென்ற மாதம் எங்கள் ஊர்சபை மண்டபத்தில் மூன்று பேருக்கு முன்னால் உட்கார்ந்து, நான் சுவிஸ் பிரசை ஆவதற்குத் தகுதியானவளா என்று அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். குப்பையை எந்த நாளில் எந்த நிறப் பையில் வைப்பது, ஊரின் நடுவே ஓடும் ஆற்றின் பெயர் என்ன என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் நாக்குப் புரண்டது.

வங்கி மேற்பார்வைக்கு ஜெர்மன் மொழியில் ‘அவுஃப்சிஹ்ட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. நான் ‘அவுஸ்சிஹ்ட்’ என்று சொல்லிவிட்டேன். அது சன்னலுக்கு வெளியே தெரியும் அழகான காட்சிக்கான சொல். வங்கிக் காட்சியில் வேலை செய்கிறேன் என்று நான் சொன்னதும் நடுவில் இருந்த பெண்மணி, “அப்படியானால் உங்களுக்கு நல்ல சன்னல் கிடைத்திருக்கிறது” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

வலது பக்கத்தில் இருந்த வயதானவர் மட்டும் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர், கை விரல்கள் தடித்துக் காய்த்துப்போயிருந்தன.

“எங்கள் ஊரில் ஒரு பாதையை அகலமாக்குவதற்கும் நாங்கள் எல்லோரும் வாக்களிக்கிறோம்,” என்றார். “உலகத்து வங்கிகளுக்கெல்லாம் விதி போடுகிறவர்களுக்கு யார் வாக்களித்தது? பிழையான விதி போட்டால் அதை யார் மாற்றுவது?”

நல்ல கேள்வி. என் ஜெர்மன் அதற்குப் போதவில்லை. “மாறும் ஐயா. மெதுவாக மாறும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்தபடி என் மகள் அபிராமி காத்திருந்தாள். கதவினூடாக எல்லாம் கேட்டிருக்கிறது. “அம்மா, அவுஃப்! அவுஸ் இல்லை!” என்றாள். பிறகு தன் சிநேகிதியோடு தொலைபேசியில் இந்த ஊர்ப் பேச்சில் பொரிந்து தள்ளினாள். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் பாதிதான் விளங்கும். நான் வகுப்பில் கற்றது எழுத்து மொழி. இங்கே ஒருவரும் அதைக் கதைப்பதில்லை. எழுத்துக்கும் பேச்சுக்குமான இந்த வித்தியாசம் ஒரு தமிழச்சிக்குப் புதிதல்ல, ஆனாலும் சொந்த மகளின் பேச்சே விளங்காதபோது கொஞ்சம் சுடத்தான் செய்கிறது.

பிரசாவுரிமை கிடைத்துவிட்டது. அந்தப் பெரியவருக்கு நான் சொல்லாமல் விட்ட மிச்சப் பதிலைத் தமிழில் வாசிக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு வெள்ளவத்தையை விளங்கப்படுத்தத் தேவையில்லை என்பதால் இது எனக்குச் சுகமான வேலை.

2

இலங்கையில் போர் மறுபடி இறுகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் வங்கிக் கிளையில், புதுக் கணக்குத் திறக்கும் மேசையில் இருந்தேன். வீடு கொட்டாஞ்சேனையில். காலையில் பஸ் கோட்டையைத் தாண்டிக் கொள்ளுப்பிட்டி வருவதற்குள் இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். “கொஹேத யன்னே?” என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்பான். எங்கே போகிறாய் என்று. “வெடட்ட” என்பேன், வேலைக்கு. இருவருக்கும் அலுத்துப்போன உரையாடல்.

அந்தக் காலத்தில்தான் புதிய விதி வந்தது. எங்கோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் சில பணக்கார நாடுகளின் அதிகாரிகள் கூடி, களவுப் பணமும் ஆயுதத்துக்குப் போகும் பணமும் வங்கிகளுக்குள் நுழையாமல் இருக்க விதிகளை எழுதினார்கள். அவை எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தா. ஆனால் பின்பற்றாத நாட்டின் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். ஏறினால் அந்த நாட்டு வங்கிகளோடு கொடுக்கல் வாங்கல் செய்ய வெளியுலகம் தயங்கும். ஆகவே எல்லோரும் பின்பற்றினார்கள். எழுதிய இடத்தில் எங்கள் நாட்டுக்கு உட்கார ஒரு கதிரைகூட இருக்கவில்லை.

அந்த விதி பல கைகள் மாறி என் மேசைக்கு வந்தபோது அதன் உருவம் இதுதான்: நிரந்தர விலாசத்துக்கு ஆதாரம் இல்லாதவருக்குக் கணக்குத் திறக்காதே. மின்சாரப் பில், தண்ணீர்ப் பில், வீட்டு உறுதிப் பத்திரம், இவற்றில் ஒன்று வேண்டும். முன்பெல்லாம் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் வந்து இவரை எனக்குத் தெரியும் என்று கையொப்பம் வைத்தால் போதும். அதையும் நிறுத்திவிட்டார்கள்.

பரமேஸ்வரி அக்கா மூன்றாவது தடவையாக என் மேசைக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வடக்கே, வன்னியின் வட்டக்கச்சி ஊர்க்காரி. கணவர் ஷெல் விழுந்து செத்துப்போனார். ஒரே மகன் ஜெர்மனியில். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், லொட்ஜ் அறையில் இருந்துகொண்டு, மகன் தன்னைக் கூப்பிடும்வரை காத்திருந்தார். காலி வீதியில் புடவைக் கடை வைத்திருந்த ஹனிபா நானாவுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துத் தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொண்டார்.

“பிள்ளை, போன கிழமை வந்தனான். பில் கொண்டு வா எண்டனீங்கள். லொட்ஜ்காரரிட்டைக் கேட்டன். தன்ர பேரிலை இருக்கிற பில்லைத் தரமாட்டாராம்.”

“வட்டக்கச்சி வீட்டின்ர உறுதி இருக்கோ அக்கா?”

“உறுதி வீட்டுக்குள்ள. வீடு ஆமியின்ர காவலரணுக்கு அங்கால. போய் எடுத்துக்கொண்டு வரட்டோ?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. வங்கி வழியாக எடுக்க முடியாத மகனின் பணம் அவருக்கு எப்படியோ வந்துகொண்டுதான் இருந்தது. உண்டியல் என்று எங்கள் ஆட்கள் சொல்லும் வழி. அங்கே ஒருவரிடம் மகன் கொடுப்பார், இங்கே இன்னொருவர் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுப்பார். எந்தக் கணக்கிலும் ஏறாது. அந்த வழியை அடைப்பதற்குத்தான் அந்த விதியையே எழுதினார்கள். அதே விதி அக்காவை அந்த வழிக்கே தள்ளிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை ஒழுங்கையைச் சுற்றிவளைத்துச் சோதனை போட்டார்கள். அக்காவின் தையல் மெஷினுக்குக் கீழே, துணிக்குள் சுற்றிய காசு இருந்தது. அவரைப் பொலிசுக்குக் கொண்டு போனார்கள். செய்தி கொண்டு வந்தவர் ஹனிபா நானா. மூச்சு வாங்க வங்கிக்குள் வந்தார்.

“மகள், நம்மட பரமேஸ்வரியப் புடிச்சிட்டுப் போய்ட்டாங்க. காசு எங்கால வந்தெண்டு கேக்கிறாங்களாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நல்லம்.”

நான் முகாமையாளரின் அறைக்குப் போனேன். திரு. விஜேரத்ன மாத்தறைக்காரர். யாரிடமும் வம்புக்குப் போகாத மனிதர், ஓய்வுக்குக் கொஞ்சக் காலமே இருந்தது. நான் சொன்னதைக் கேட்டார். கோட்டைப் போட்டுக்கொண்டார். “வாங்க மிஸ் தர்ஷினி” என்றார். மூவரும் பொலிஸ் நிலையத்துக்கு நடந்தே போனோம்.

பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார்: “இவ்வளவு வங்கி இருக்கும்போது இந்த மனுசி ஏன் காசை மெஷினுக்குக் கீழே வைக்கிறாள்?”

விஜேரத்ன நேராகச் சொன்னார்: “இந்த அம்மா கணக்குத் திறக்க எங்களிடம் மூன்று தடவை வந்தார். நாங்கள்தான் திருப்பி அனுப்பினோம்.”

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். “அப்படியென்றால் நான் உங்களையல்லவா பிடித்து வைக்க வேண்டும்!”

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பகிடிக்குப் பிறகு அறையின் இறுக்கம் தளர்ந்தது. மகனின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, விசாரித்து, அன்று மாலையே அக்காவை விட்டார்கள். வெளியே வந்ததும் அவர் என்னிடம் நன்றி சொல்லவில்லை. “பிள்ளை, இந்தப் பொலிசுக்கு நான் ஆரெண்டு தெரியும். எந்த ஊர், எந்த லொட்ஜ், எந்த அறை எல்லாம் பதிஞ்சு வைச்சிருக்கினம். உங்கட வங்கிக்குத்தான் நான் ஆரெண்டு தெரியாது” என்றார்.

அன்று பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும்போது முழுவழியும் அந்த வசனத்தையே யோசித்துக்கொண்டு வந்தேன். அப்போது வெள்ளவத்தை லொட்ஜில் தங்கும் ஒவ்வொரு தமிழரும் பொலிசில் பதிய வேண்டும். அது எங்களை அவமானப்படுத்திய பதிவு. ஆனாலும் அதைவிட உறுதியான விலாச ஆதாரம் நாட்டில் யாரிடம் இருந்தது?

3

சில மாதங்கள் கழித்து மதிப்பீட்டுக் குழு வந்தது. விதியை எழுதியவர்களின் சார்பில் நாடு நாடாகப் போய், ஒழுங்காகப் பின்பற்றுகிறார்களா என்று பார்த்துப் புள்ளி போடுகிறவர்கள். தலைமை அலுவலகத்தில் கூட்டங்கள் முடிந்ததும் ஒரு கிளையையும் பார்க்க வேண்டும் என்றார்கள். எங்கள் கிளைக்கு வந்தார்கள். வந்த மூவரில் கேள்வி கேட்டவர் கெல்லி என்ற அயர்லாந்துப் பெண். நரைத்த தலை, பெரிய காலணி, யாரையும் அவசரப்படுத்தாத பேச்சு.

தலைமை அலுவலகத்திலிருந்து கூடவந்த பெரியவர் எங்களுக்கு முன்கூட்டியே பாடம் எடுத்திருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் சுருக்கமாக.

“விலாச ஆதாரம் இல்லையென்று யாரையாவது திருப்பி அனுப்புகிறீர்களா?” என்று கெல்லி கேட்டார்.

“அப்படி ஒரு பிரச்சினையே எங்களுக்கு இல்லை” என்றார் பெரியவர்.

“இருக்கிறது,” என்றேன் நான். “ஒவ்வொரு நாளும் இருக்கிறது. அவர்கள் போய்விடுவதில்லை. பக்கத்து ஒழுங்கைக்குப் போய் உண்டியலில் வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் விதி அவர்களை உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்புகிறது.”

பெரியவரின் முகம் போன போக்கைப் பார்த்து என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். விஜேரத்ன கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மிஸ் சொல்வது சரி” என்றார். அதுவே போதுமாயிருந்தது.

மதிய இடைவேளையில் கெல்லி அந்த ஒழுங்கையைப் பார்க்க வேண்டும் என்றார். அக்காவிடம் கேட்டுவிட்டுக் கூட்டிப்போனேன். அறையில் கட்டில், மெஷின், கொடியில் காயும் சேலை. கெல்லி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அக்கா நெஸ்கஃபே கலந்து கொடுத்தார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

“உங்களை நீங்கள்தான் என்று ஒரு வங்கி எப்படித் தெரிந்துகொள்ளலாம்?” என்று கெல்லி கேட்டார்.

“பொலிஸ் துண்டு இருக்கு. ஹனிபா நானாவைக் கேக்கலாம். இந்த லேனிலை மீன் விக்கிற பெடியனைக் கேக்கலாம். எல்லாருக்கும் என்னைத் தெரியும்” என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, “இவாவின்ர நாட்டிலை சனம் வீடு விட்டு ஓடேல்லையோ எண்டு கேள் பிள்ளை” என்றார்.

கெல்லி கோப்பையைத் தரையில் வைத்தார். “ஓடியிருக்கிறார்கள். என் தாத்தாவின் பெரியப்பா பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பல் ஏறியபோது அவரிடமும் ஒரு பில்லும் இருந்திருக்காது” என்றார்.

இந்த இடத்தில் விதி உடனே மாறியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அறிக்கை வந்தது. விலாசம் சரிபார்ப்பதில் நாட்டுக்குக் குறைந்த புள்ளி. இன்னும் இறுக்குங்கள் என்று அறிவுரை. ஆனால் ஒரு பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது: போரினால் இடம்பெயர்ந்தவர்கள் இந்த விதியால் வங்கிக்கு வெளியே தள்ளப்படுவதாகக் கிளை ஊழியர்கள் தெரிவித்தனர், இது ஆராயப்பட வேண்டும்.

விஜேரத்ன அந்த அடிக்குறிப்பின் பிரதியைத் தலைமை அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். நீங்களே பாருங்கள், ஆராயச் சொல்லியிருக்கிறார்கள், நான் ஆராய்கிறேன் என்றார். பொலிஸ் பதிவும், தெரிந்த வாடிக்கையாளர் ஒருவரின் கையொப்பமும் இருந்தால் முகாமையாளரின் பொறுப்பில் கணக்குத் திறக்கலாம் என்று எங்கள் கிளைக்கு மட்டும் விலக்கு வாங்கிவந்தார். ஓய்வுக்குப் போகும் நேரத்தில் அந்தப் பொறுப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

முதல் கணக்கு பரமேஸ்வரி அக்காவுக்கு. கையொப்பம் ஹனிபா நானா. “எங்க மகள் சைன் வைக்கணும்? ரெண்டு எடத்துல வேணுமெண்டாலும் வைக்கிறேன்” என்றார்.

4

கலியாணம் என்னைச் சுவிஸின் பாசல் நகரத்துக்குக் கொண்டுவந்தது. என் கணவருக்கு இங்கே தொடருந்து திருத்தும் பட்டறையில் வேலை. என் கொழும்புப் படிப்பும் வங்கி அனுபவமும் இங்கே செல்லாது என்று ஒரு அரசாங்கக் கந்தோர் சொன்னது. செல்லும், ஆனால் அதைச் சொல்லவேண்டியது நாங்களல்ல என்று இன்னொரு கந்தோர் சொன்னது. அபிராமியை வயிற்றில் சுமந்துகொண்டு இரண்டுக்கும் நடந்தேன். பிறகு மறுபடி படித்தேன். கடைசியில், வங்கி விதிகளை வகுக்கும் ஒரு சர்வதேசக் குழுவின் செயலகத்தில் ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்தது. கொழும்பில் என் மேசைக்கு வந்து விழுந்த விதிகள் எங்கேயிருந்து புறப்பட்டன என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

நான் எதிர்பார்த்தது கண்ணாடி மாளிகை. கண்டது நீள மேசை, ஆறிய கோப்பி, ஒரு சொல்லுக்காக நாள் முழுக்க வாதாடும் மனிதர்கள். ‘வேண்டும்’ என்று எழுதுவதா, ‘இயன்றவரை வேண்டும்’ என்று எழுதுவதா என்று இரண்டு நாட்டுக்காரர் முகம் சிவக்கச் சண்டை பிடிப்பார்கள். முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு நினைத்துக்கொண்டேன், அந்த ஒரு சொல்தான் வெள்ளவத்தையில் ஒரு மனுசியைப் பொலிசுக்கு அனுப்பியது.

நான் சேர்ந்த நாட்களில் மேசையைச் சுற்றி அதே பணக்கார நாடுகள். மற்றவர்களை முடிவெடுத்த பிறகு கூப்பிட்டு, கருத்தென்ன என்று கேட்பார்கள். அது மாறியதற்குக் காரணம் யாருடைய நல்ல மனமும் இல்லை. பெரிய நிதி நெருக்கடி வந்தது. விழுந்தவை ஏழை நாட்டு வங்கிகள் அல்ல. மற்றவர்களுக்குப் புள்ளி போட்டவர்களின் சொந்த வங்கிகள். மேசையில் ஒரு கூச்சம் வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு கதிரைகள் கூடின. முன்பு வாசலில் நின்ற நாடுகள் உள்ளே வந்து, பெயர்ப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, கையை உயர்த்தின.

கதிரை கூடியதும் எல்லாம் நேராகிவிடவில்லை. புதிதாக வந்தவர்களில் சிலர் பழையவர்களைவிட இறுக்கமாகக் கதைத்தார்கள். ஆனால் கேள்விகள் மாறின. விதி வங்கியைக் காக்கிறதா என்று கேட்ட இடத்தில், விதி யாரை வெளியே தள்ளுகிறது என்றும் கேட்கத் தொடங்கினார்கள்.

விலாச விதியைத் திருத்தும் கூட்டம் ஒருநாள் வந்தது. நான் வரைவு எழுதும் பக்கத்தில் இருந்தேன். பல நாடுகளின் மதிப்பீட்டு அறிக்கைகளைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். எங்கள் நாட்டு அடிக்குறிப்பைப் போல எத்தனையோ அடிக்குறிப்புகள்: மலைகளில் திரியும் இடையர்கள், அகதி முகாம்கள், சேரிகள். ஒவ்வொன்றையும் யாரோ ஒரு கிளை ஊழியர் சொல்லியிருக்கிறார், யாரோ ஒரு கெல்லி எழுதி வைத்திருக்கிறார். தனித்தனியே அவை முணுமுணுப்பு. சேர்த்து வாசித்தால் அது விதி பிழை என்ற தீர்ப்பு.

பெரிய நாடு ஒன்றின் பிரதிநிதி ஒத்துக்கொள்ளவில்லை. “இதைத் தளர்த்தினால் குற்றவாளிகள் நுழைவார்கள்” என்றார்.

செயலகத்து ஆட்கள் கூட்டத்தில் கருத்துச் சொல்வதில்லை. தலைவர் என் பக்கம் திரும்பி, இந்த அறிக்கைகளைப் பற்றி விளக்க முடியுமா என்றார். அது போதும் எனக்கு. பரமேஸ்வரி அக்காவின் பெயரைச் சொல்லாமல் கதையைச் சொன்னேன். கூட்டத்தில் ஆங்கிலம்தான் பேசுவோம், நாக்கு எங்கும் புரளவில்லை.

“கதவை மூடினால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைக்கிறோம்,” என்றேன். “அவர் அடுத்த ஒழுங்கைக்குப் போகிறார். அங்கே நமக்குக் கண் இல்லை. அவரை உள்ளே விட்டால்தான் அவருடைய பணம் எங்கேயிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். இது தளர்த்தல் இல்லை. இதுதான் மேற்பார்வை.”

அந்தக் கூட்டத்தில் முடிவு வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. மூன்றாவது கூட்டத்தில் அந்தப் பிரதிநிதியே திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார்: நிரந்தர விலாசம் இல்லாதவருக்கு, அந்தந்த நாட்டின் நிலைமைக்கு ஏற்ற, நம்பத்தக்க வேறு ஆதாரங்களை ஏற்கலாம். பக்கத்தின் அடியில் கிடந்த சின்ன எழுத்து, பக்கத்தின் நடுவே பெரிய எழுத்தாக ஏறியது.

5

அந்தத் திருத்தம் நிறைவேறிய அன்று மாலை சோறு பரிமாறும்போது அபிராமியிடம் அதைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஒரே ஒரு வசனமா, அம்மா? அதுக்கு இத்தனை வருஷமா?”

“ஓம்.”

“நான் எண்டா அவ்வளவு காலம் காத்துக்கொண்டிருக்கமாட்டன்.”

“காத்துக்கொண்டிருக்கேல்லை பிள்ளை, வேலை செய்துகொண்டிருந்தனான்” என்றேன். அவள் தமிழில் முழு வசனம் பேசி வாதாடியதே எனக்குப் பாதி சந்தோசம் என்பதைச் சொல்லவில்லை.

நள்ளிரவு தாண்டும்வரை விழித்திருந்து பரமேஸ்வரி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் மகனிடம் போய்ச் சில ஆண்டுகள் இருந்தார். குளிர் ஒத்துவரவில்லை என்று, போர் முடிந்த பிறகு வட்டக்கச்சிக்கே திரும்பி, கூரை போன வீட்டுக்குக் கூரை போட்டு இருக்கிறார். அங்கே விடிகிற நேரம் பார்த்துத்தான் எடுத்தேன். கோழி கத்துவது கேட்டது. நடந்ததை எல்லாம் விளங்கப்படுத்தினேன்.

“அப்ப இனி உலகத்திலை ஒரு இடத்திலையும் ஓடிவந்த சனத்திட்டை கறன்ட் பில் கேக்கமாட்டினமோ?”

“கேக்கமாட்டினம் எண்டு சொல்லேலாது அக்கா. கேக்காமல் விடலாம் எண்டு எழுதியிருக்கு.”

அவர் கோழியைச் சூ என்று விரட்டினார்.

“விடலாமோ, விடவேணுமோ?”

“விடலாம்.”

“அப்ப இன்னும் ஒரு சொல்லு மிச்சம் இருக்கு பிள்ளை,” என்றார் அக்கா. “போய் அதையும் மாத்து. எனக்கு மாட்டுக்குத் தண்ணி வைக்கவேணும்.”